அரைக்கால் எவ்வளவு?

கணக்கு வகுப்பில் காகிதம் மடிக்கச் சொல்கிறார்கள், படியால் அரிசி அளக்கச் சொல்கிறார்கள், ரொட்டியைப் பிய்த்துப் பங்கு வைக்கச் சொல்கிறார்கள்; இதற்காகவா பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம் என்றொரு குறை, பெற்றோர் நாலு பேர் கூடுமிடமெல்லாம் கேட்கிறது. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் செல்வரும் இதைச் சொல்கிறார். ஒலிமுகமது பேட்டையிலிருந்து அன்றாடக் கூலிக்குப் போகிறவரும் இதையே சொல்கிறார். வாய்ப்பாடு ஒப்பிக்கட்டும், விதியை மனப்பாடம் செய்யட்டும், மதிப்பெண் வாங்கட்டும். விளையாட்டை வீட்டில் வைத்துக் கொள்ளலாம் என்பது இவர்கள் தீர்ப்பு. இத்தீர்ப்பு தவறானது. தவறானது மட்டுமன்று, வேறெந்தச் சமுதாயத்தைக் காட்டிலும் நம் சமுதாயத்துக்கு அதிகக் கேடு பயப்பது.

பின்னக் கணக்கு இன்று பெரும்பாலான வகுப்புகளில் எப்படித் தொடங்குகிறது? கரும்பலகையில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. கூட்ட வேண்டுமா, பகுதியைச் சமமாக்கு. வகுக்க வேண்டுமா, தலைகீழாக்கிப் பெருக்கு. எதைக் கூட்டுகிறோம், எதைத் தலைகீழாக்குகிறோம் என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்பதில்லை; கேட்டால் பதிலும் வருவதில்லை. விதி நினைவிலிருக்கும் வரை விடை வரும். விதி மறந்த மறுநாள், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் அது மேலெண்களைத் தனியே கூட்டும், கீழெண்களைத் தனியே கூட்டும், 2/5 என்று எழுதும்.

இந்த விடையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அரைப்படி அரிசி இருக்கிறது. அதன்மேல் இன்னும் மூன்றிலொரு படி அரிசியைக் கொட்டுகிறோம். இப்போது இருப்பது ஐந்தில் இரண்டு படி, அதாவது அரைப்படியை விடக் குறைவு என்று அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது. கொட்டக் கொட்டக் குறைகிற அரிசி! தன் கையால் ஒருமுறை அளந்து கொட்டிய எந்தப் பிள்ளையும் இதை எழுதாது. எழுதினாலும் தன் கண்ணே அதை மறுக்கும். விதியை மட்டும் கற்ற பிள்ளைக்கோ மறுப்பதற்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. ஆசிரியரின் சிவப்பு மை ஒன்றுதான் உண்டு.

இன்னொரு பிழை இதனினும் ஆழமானது. எட்டு நாலைவிடப் பெரியது. ஆகவே எட்டில் ஒன்று நாலில் ஒன்றை விடப் பெரியது என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். எண்ணுவதில் வியப்பில்லை. அதுவரை கற்ற எண்களெல்லாம் அப்படித்தானே நடந்து கொண்டன? ஒரு ரொட்டியை நாலு பேருக்கும், அதே அளவான இன்னொரு ரொட்டியை எட்டுப் பேருக்கும் பங்கிட்டுப் பார்த்தால் இந்த எண்ணம் ஒரே நொடியில் கலையும். பங்கிடாவிட்டால் கலையாது, பத்தாம் வகுப்பு வரை உடன் வரும், கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் உடன் வரும்.

இதில் நமக்கென்ன தனிக் கேடு என்று கேட்கலாம். சொல்கிறேன்.

திருக்குர்ஆனின் நான்காவது அத்தியாயமான அன்னிஸாவின் 11, 12, 176ஆம் வசனங்களில் இறந்தவரின் சொத்து யார் யாருக்கு எவ்வளவு என்று அல்லாஹ் வரையறுத்திருக்கிறான். அங்கே வருகின்ற அளவுகள் ஆறு: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. ஆறும் பின்னங்கள். கணவனை இழந்தவளுக்குப் பிள்ளை இல்லையெனில் கால். பிள்ளை இருப்பின் அரைக்கால். மகன் இல்லாமல் ஒரே மகள் இருந்தால் அவளுக்குப் பாதி. இருவரோ அதற்கு மேலோ இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. தாய்க்கு ஒரு நிலையில் மூன்றில் ஒன்று, இன்னொரு நிலையில் ஆறில் ஒன்று. அதே அத்தியாயத்தின் 7ஆம் வசனம், சொத்து கொஞ்சமாயினும் மிகுதியாயினும் பெண்ணுக்கும் அதில் பங்குண்டு என்கிறது. பின்னம் தெரியாதவருக்கு இவ்வசனங்கள் ஓதத் தெரியும், பொருள்கூடத் தெரியலாம், அளவு தெரியாது.

பாகப் பிரிவினை நடக்கும் வீட்டில் இதன் விளைவைக் காணலாம். தகப்பனார் மறைந்த பிறகு அண்ணன் தம்பிகள் ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொண்டு வருகிறார்கள். உனக்கு எட்டில் ஒன்று, அதில் இது போக, அது போக, வருவது இவ்வளவுதான் என்று தாயிடம் சொல்கிறார்கள். தங்கைகளுக்கு ஆளுக்கு நாலு வளையல், ஒரு பட்டுச் சேலை. அதன்பின் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தில் விடுபட்டிருந்த வேளாண் நிலத்தையும் சேர்த்து, 1949இல் சென்னை மாகாணத்தில் திருத்தம் கொண்டு வந்தார்கள். ஆகவே நம் பக்கத்தில் சட்டத்துக்குக் குறைவில்லை, மார்க்கத்துக்கும் குறைவில்லை. நீட்டிய தாளைப் பார்த்து, இது அரைக்கால் அன்று, வீசம் கூட இல்லை என்று சொல்லக் கூடிய பெண்தான் குறைவு. கணக்குத் தெரிந்தால் மட்டும் நியாயம் கிடைத்து விடும் என்று நான் சொல்லவில்லை. தெரியாதவளுக்குத் தான் இழந்தது எவ்வளவு என்பதே தெரியாமல் போகிறது என்கிறேன். அவளுக்கு எட்டு வயதில் காகிதம் மடிக்கக் கொடுத்த ஆசிரியரைத்தான் நாம் நேரத்தை வீணாக்குகிறவர் என்று ஏசுகிறோம்.

ஃபராயிழ் கல்வி, அறிவில் பாதி என்னும் கருத்தில் ஒரு நபிமொழி வழங்குகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலை வல்லுநர் சொல்வர். எனினும் நம் முன்னோர் அந்தக் கல்வியை எவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்பதற்கு வரலாறே சான்று. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதிலிருந்த அல்குவாரிஸ்மி எழுதிய நூலிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயரே உலகுக்குக் கிடைத்தது. அந்நூலின் பெரும்பகுதி மரண சாசனமும் பாகப் பிரிவினையும் பற்றிய கணக்குகள். இன்று கரும்பலகையில் நம் பிள்ளையை மிரட்டுகிறதே மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் நடுவே ஒரு கோடு, அதை வழக்குக்குக் கொண்டு வந்தவராகச் சொல்லப்படுபவர் 12ஆம் நூற்றாண்டு மஃரிபு நாட்டைச் சேர்ந்த அல்ஹஸ்ஸார். கோட்டைத் தந்த சமுதாயத்தின் பிள்ளை கோட்டைக் கண்டு நடுங்குகிறது!

அரபியில் பின்னத்துக்குக் கஸ்ர் என்று பெயர்; உடைத்தல் என்று பொருள். பின்னம் என்ற சொல்லுக்கும் உடைந்தது என்றுதான் பொருள். இரண்டு மொழியும் ஒரே செய்கையைப் பெயராக வைத்திருக்கின்றன. உடைக்காமல், பிளக்காமல், பங்கிடாமல் பின்னம் சொல்லித் தருவது நீரில் இறங்காமல் நீச்சல் கற்பிப்பதாகும்.

நம் தமிழ் இதில் எத்துணை வளமுடையது என்பதை நம்மவர் மறந்தே போனார்கள். முந்திரி என்பது 1/320. காணி 1/80. மா 1/20. வீசம் அல்லது மாகாணி 1/16. அரைக்கால் 1/8. இவை வெறும் பெயர்களல்ல. பெயருக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. அரைக்கால் என்று சொல்லும்போதே காலில் அரை, அதாவது 1/4இல் பாதி 1/8 என்ற பெருக்கல் முடிந்து விடுகிறது. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி: 1/20உடன் 1/80ஐக் கூட்டிப் பாருங்கள், சரியாக 1/16 வரும். முக்கால் என்றால் மூன்று கால். ஏறத்தாழ முழுவதும் என்பதற்கு முக்காலே மூன்று வீசம் என்று பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அது முக்காலோடு மூன்று வீசம், அதாவது பதினாறில் பதினைந்து. சொல்கிறவர்களில் முக்காலே மூன்று வீசம் பேருக்கு அது ஒரு கூட்டல் கணக்கு என்று தெரியாது.

இனி ஓர் ஒப்புமையைப் பாருங்கள். மழையால் விளைந்த பயிருக்கு மார்க்கம் விதித்த பங்கு பத்தில் ஒன்று: தமிழில் இருமா. உழைத்து நீர் இறைத்து விளைவித்த பயிருக்கு இருபதில் ஒன்று: ஒரு மா. பொன்னுக்கும் வெள்ளிக்கும் ஜகாத் நாற்பதில் ஒன்று: அரைமா. புதையலுக்கு ஐந்தில் ஒன்று: நாலுமா. நாலுமா, இருமா, மா, அரைமா! ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. உழைப்புக் கூடக் கூடக் கொடுக்க வேண்டிய பங்கு பாதி பாதியாகக் குறைகிறது. புதையலைக் கண்டெடுத்தவனுக்கு உழைப்பே இல்லை. அதனால் அவன் மிகுதியாகத் தருகிறான். இந்த நான்கையும் ஒரு காகிதப் பட்டையில் அடுத்தடுத்து அளந்து காட்டினால், ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பின்னமும் விளங்கும், ஜகாத்தின் நியாயமும் விளங்கும். இப்போது நாம் செய்வதென்ன? இரண்டரை சதவீதம் என்று ஒரு சொல்லை ஒப்பிக்க வைக்கிறோம். சதவீதம் என்றால் என்னவென்று அதற்கு இன்னும் நாலு ஆண்டு கழித்துச் சொல்லித் தருவார்கள்.

அரைக்கால் என்ற சொல்லுக்கு நம் மாவட்டத்திலேயே கல்லில் வெட்டிய சான்று உண்டு. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்கு விதி சொல்கின்றன. ஊர்ச் சபைக்கு நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் இருக்க வேண்டும். வேதத்தில் ஒன்றையும் பாடியத்தில் ஒன்றையும் கற்றவராயின் அரைக்கால் வேலி போதும். படித்தவருக்கு நிலத் தகுதியில் பாதி தள்ளுபடி! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வூரார் காலுக்கும் அரைக்காலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமாக எழுதிக் கல்லில் வெட்டினார்கள். படித்தவர்களுக்கு அது புரிந்தது.

திண்ணைப் பள்ளிக்கூடங்களை நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வரவில்லை. எண்சுவடியை ஒப்பிக்காத பிள்ளை முதுகில் பிரம்பு விளையாடியது உண்மை. பெண் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் பெரும்பாலும் அங்கே நுழையவே இல்லை என்பதும் உண்மை. ஆனால் அங்கே ஒப்பித்த இலக்கம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே பயன்பட்டது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. அரை, கால், அரைக்கால் மூன்றும் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காசிலும் அப்படியே. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் புதுக்காசு வந்த வரையில் ரூபாய்க்குப் பதினாறு அணா. எட்டணா அரை, நாலணா கால், இரண்டணா அரைக்கால், ஓரணா வீசம். ஐந்து வயதுப் பிள்ளை மிட்டாய் வாங்கப் போனால் பின்னம் கற்றுத் திரும்பியது. பிறகு தசமக் காசு வந்தது, கிலோகிராம் வந்தது. நாட்டுக்கு அவை நன்மையே. கடைசியில் 2011 ஜூன் 30உடன் நாலணா என்று நாம் விடாமல் அழைத்து வந்த 25 காசும் செல்லாமற் போயிற்று. காலும் அரைக்காலும் வீட்டை விட்டும் கடையை விட்டும் வெளியேறின. வெளியேறியவற்றைப் பள்ளிக்கூடம் திரும்ப அழைத்து வர வேண்டாமா? தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் கணிப்பொறியின் ஒருங்குறியில் இடம் பெற்று விட்டன. பிள்ளையின் கையில் இன்னும் இடம் பெறவில்லை.

கையால் கணக்குக் கற்பிப்பது மேலைநாட்டு மோகம் என்று சிலர் சொல்கிறார்கள். வரலாறு தெரியாத பேச்சு. காகிதத்தை மடித்தே வடிவ கணிதம் கற்கலாம் என்று உலகுக்குச் சொன்ன நூல் 1893இல் சென்னையில் அச்சானது. எழுதியவர் சுந்தர ராவ். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதை எடுத்துப் பேசிய பிறகுதான் வெளிநாட்டார் அதைப் படித்தார்கள். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராயிருந்த பி.கே. சீனிவாசன் (காஞ்சிக்குப் பக்கத்திலும் ஒரு முத்தியால்பேட்டை உண்டு, இது அதுவன்று) 2005இல் மறையும் வரை இதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்தார். நாட்காட்டித் தாளும் பழைய காகிதமும் அவருக்குப் போதும். பிள்ளைகள் தாமாகவே விதியைக் கண்டுபிடிப்பார்கள். இராயபுரத்தில் 1993இல் இராமானுஜன் பெயரால் ஒரு கணித அருங்காட்சியகம் அமைத்தவரும் அவரே. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாற்றுக்கு வந்து, போர் முடியும் வரை இந்நாட்டிலிருந்து, ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். வட்டத்தைப் பத்து வரை துண்டுகளாக்கிப் பிள்ளையின் கையில் தரும் அவருடைய பின்னத் தட்டுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

அரசுப் பள்ளிகளும் சும்மா இருக்கவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் தமிழகமெங்கும் பரவியது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளை தரையில் உட்கார்ந்து பொருளைத் தொட்டுக் கற்கிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பிள்ளையோ விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, தலைகீழாக்கிப் பெருக்கு என்று எழுதுகிறது. பணம் கொடுத்து வாங்கியது எது என்று பெற்றோர் யோசிக்கட்டும்.

ஆயினும் செயல் என்ற பெயரில் நடப்பவை எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. அட்டையை எடு, ஏணிப்படியில் உன் இடத்தைப் பார், அட்டையை வை என்று பல வகுப்புகளில் செயல் என்பது அட்டை மாற்றுவதாகச் சுருங்கியதுண்டு. நெகிழி வட்டத் துண்டுகள் நிறைந்த உபகரணப் பெட்டி, அதிகாரி வரும் நாளில் மட்டும் பூட்டுத் திறக்கப்படும் பள்ளிகளும் உண்டு. எல்லாவற்றினும் மோசமானது புத்தகத்தில் அச்சடித்த வட்டத்துக்கு வண்ணம் தீட்டுவது. நாலு பாகமாக அவர்களே கோடு போட்டுத் தந்து விடுகிறார்கள். பிள்ளை ஒரு பாகத்துக்குச் சிவப்பு அடிக்கிறது. அது கற்றது சிவப்பு. பங்கிடும் வேலை, அதாவது சமமாக இருக்கிறதா என்று கண்ணால் அளந்து, தவறி, மீண்டும் வெட்டி, எனக்குக் குறைச்சல் என்று பக்கத்துப் பிள்ளை சண்டைக்கு வர, நிறுத்துப் பார்த்துத் தீர்க்கும் வேலை, அச்சகத்தானே செய்து முடித்தாயிற்று.

வட்டத்தை மட்டுமே காட்டுவதிலும் ஒரு தீமை உண்டு. பின்னம் என்றால் வட்டத்தின் துண்டு என்று பிள்ளை நினைத்து விடும். எதன் பாதி என்ற கேள்வியே எழாது. காஞ்சிபுரத்தில் இருந்து கொண்டு வட்டத்துக்கு ஏன் அலைய வேண்டும்? தெருவுக்குத் தெரு தறி. ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று சேலை நெய்கிறார்கள். அரைச் சேலை முடிந்தது என்றால் அது சேலைக்கு அரை, பாவுக்கு ஆறில் ஒன்று. ஒரே துணி, இரண்டு பின்னம்! எதை முழுமை என்று கொள்கிறோமோ அதைப் பொறுத்துப் பங்கின் பெயர் மாறுகிறது என்ற நுட்பத்தை, நெசவாளி வீட்டுப் பிள்ளை ஒரு பார்வையில் பிடித்துக் கொள்ளும். நெய்த சேலையை மடிக்கும்போது பாருங்கள்: ஒரு மடிப்பு அரை, மறு மடிப்பு கால், அடுத்தது அரைக்கால். வரதராசப் பெருமாள் கோயிலின் பெயர் பெற்ற இட்லி நீளமாக மூங்கிற் கூடையில் வேகிறது. அதைக் குறுக்கே வெட்டினாலும் நெடுக்கே வெட்டினாலும் பாதி பாதிதானா என்று அண்டை வீட்டு நண்பனோடு நம் பிள்ளை வாதிடட்டும். வடிவம் வேறு, அளவு ஒன்று என்பதை எந்தப் புத்தகமும் அதைவிட நன்றாகச் சொல்லாது.

தறியைப் பற்றிச் சொன்னதால் ஒன்றைத் தெளிவாக்கி விட வேண்டும். கையால் கற்பது என்பதற்குப் பிள்ளையைத் தறிக்குழியில் உட்கார வைப்பது என்று பொருளன்று. கோர்வைச் சேலையில் கரைக்குத் தனி நாடா எறிய நெசவாளிக்குப் பக்கத்தில் ஒரு துணை தேவை. அந்த இடத்தில் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் உட்கார்ந்து பள்ளியை இழந்தார்கள். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறார் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம் பெற்றது. அந்தப் பிள்ளைகளின் கைக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. தாளில் எழுதிய கூலிக் கணக்கு மட்டும் தெரியவில்லை. முன்பணத்தில் எத்தனை பங்கு கழிந்தது என்று முதலாளி சொன்னதே கணக்கு. கையும் தாளும் சேர வேண்டும். தாள் மட்டும் போதும் என்பவரும் கை மட்டும் போதும் என்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

இனி நம்மவர் எழுப்பும் ஓர் எதிர்வாதம். திருக்குர்ஆனையே மனனம் செய்துதானே காத்தோம். மனப்பாடத்தைப் பழிக்கலாமா என்கிறார்கள். ஹிஃப்ழின் பெருமையை எவர் மறுப்பார்? இறைவசனத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பிழை. ஆகவே சொல் சொல்லாக நெஞ்சில் ஏற்றுகிறோம். பின்னத்தில் காக்க வேண்டியது சொல்லன்று, அளவு. கால் என்றாலும், நாலில் ஒன்று என்றாலும், எட்டில் இரண்டு என்றாலும் அளவு ஒன்றே. அந்த ஒருமையை அறிவதுதான் பாடம். வாதம் செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். நம் நாட்டில் அச்சாகும் முஸ்ஹஃபுகளின் ஓரத்தில், ஒவ்வொரு ஜுஸ்விலும் கால் பங்கு முடியுமிடத்தில் அர்ருபுஃ என்றும், பாதியில் அன்னிஸ்ஃப் என்றும், முக்காலில் அத்தலாதா என்றும் பொறித்திருப்பார்கள். மக்தபில் ஓதும் பிள்ளை நாள்தோறும் அந்தச் சொற்களை விரலால் கடந்து போகிறது. ஓரத்தில் எழுதியிருப்பது என்ன என்று உஸ்தாத் ஒரு நாள் நிறுத்திக் கேட்டால், இன்று எத்தனை பங்கு ஓதினாய், இன்னும் எத்தனை பங்கு மீதி என்று கேட்டால், அதுவே பின்னப் பாடம். கேட்கிறவர் எத்தனை பேர்?

கைபேசியில் தட்டினால் விடை வருமே என்பது அடுத்த வாதம். தட்டுங்கள். ஒன்றை மூன்றால் வகுக்கச் சொல்லுங்கள். 0.3333 என்று கண்ணாடி நிறையும் வரை மூன்று வரும், முடிவு வராது. 1/3, 2/3, 1/6 ஆகிய மூன்றும் தசமத்தில் முடியாத எண்கள். வாரிசுரிமையின் ஆறு அளவுகளில் பாதி அவை! அந்த இயந்திரத்தால் முடிக்க முடியாததை ஒரு காகிதப் பட்டை இரண்டு மடிப்பில் முடித்து விடுகிறது.

அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்லி நிறுத்திக் கொள்கிறேன். பழைய செய்தித்தாளில் ஒரு முழ நீளம், நாலு விரல் அகலம் கிழித்துக் கொள்ளுங்கள். ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் இரண்டு மகள்களையும் விட்டு இறந்தார். கடனும் மரண சாசனமும் போக மீதியைப் பங்கிட வேண்டும். பட்டையைப் பாதியாக, மீண்டும் பாதியாக, இப்படி ஐந்து முறை மடித்துப் பிரித்தால் 32 கட்டம். மனைவிக்கு அரைக்கால், அதாவது 4 கட்டம். மீதம் 28. மகனுக்கு இரண்டு பங்கு, மகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, ஆக நாலு பங்கு; ஒரு பங்குக்கு 7 கட்டம். மகனுக்கு 14, மகள்களுக்கு 7, 7. கத்தரித்து நாலு பேர் கையிலும் கொடுங்கள். பத்து வயதுப் பெண் தன் கையிலுள்ள 7 கட்டத்தைத் தொட்டுப் பார்ப்பாள். சொத்து 32 இலட்சமாயின் அது ஏழு இலட்சம் என்று அவளே சொல்வாள். நாலு வளையலுக்கு மேல் எவ்வளவு என்பதையும் அவளே சொல்லட்டும்.

இதில் தேறிய பிள்ளைக்கு இன்னொன்று. மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை. மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்களுக்கு மூன்றில் இரண்டு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒன்று. பட்டையை முதலில் மூன்றாக மடித்துப் பிறகு மூன்று முறை பாதியாக்கினால் 24 கட்டம். 3, 16, 4, 4 என்று வெட்டிக் கொண்டே வந்தால் 24 கட்டமும் தீர்ந்த பிறகும் மூன்று கட்டத்துக்கு ஆள் நிற்கும்! மிம்பரில் நின்றிருந்த ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்டபோது, நின்ற நிலையிலேயே மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என்ற பொருளில் விடையளித்தார்கள் என்று செய்தி உண்டு. 24க்குப் பதிலாக 27 பங்காக்கினால் 3/27, அதாவது 1/9. எல்லார் பங்கும் ஒரே விகிதத்தில் சுருங்குகிறது. காகிதம் போதாமல் திகைத்து நின்ற பிள்ளைக்குத்தான் அந்த விடையின் அழகு தெரியும்.

குர்பானி இறைச்சியை மூன்றாகப் பிரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் தராசோடு ஒப்படைக்கலாம். நோன்பில் கஞ்சிக்கு அரிசி அளப்பதை அவர்களிடம் விடலாம். இதற்கு ஜமாஅத்தின் தீர்மானமும் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம். பட்டையை மூன்றாக மடிப்பது மட்டும் முதல் முறை கோணலாகத்தான் வரும். ஒரு மடிப்பு நீளும், ஒன்று குட்டையாகும். பக்கத்திலிருந்து பிடுங்கி நீங்கள் மடித்துக் கொடுத்து விடாதீர்கள். நாலாவது முறை பிள்ளைக்கே வந்து விடும்.